நெஞ்சில் நிற்கும் கவளம்

காவல் அணுக்களே உணவுக் குழாயில் கலகம் செய்யும் கதை

நாலு நண்பர்கள் ஓட்டலில் சாப்பிடுகிறார்கள். சிரிப்பும் பேச்சுமாக நேரம் போகிறது. திடீர் என்று ஒருவன் பேச்சை நிறுத்துகிறான். நெஞ்சைத் தடவுகிறான். முகம் வெளுக்கிறது.

அவன் விழுங்கிய இறைச்சித் துண்டு பாதி வழியில் நின்று விட்டது. மேலேயும் வரவில்லை. கீழேயும் போகவில்லை.

தண்ணீர் குடித்துப் பார்க்கிறான். தண்ணீரும் அப்படியே திரும்பி வருகிறது. எச்சிலைக் கூட விழுங்க முடியவில்லை. மூச்சு மட்டும் தடை இல்லாமல் ஓடுகிறது.

நண்பர்கள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுகிறார்கள். டாக்டர் விளக்கு வைத்த மெல்லிய குழாய் ஒன்றை வாய் வழியாக உள்ளே விடுகிறார். சிக்கிய துண்டை எடுக்கிறார். பிறகு கேட்கிறார்:

"தம்பி, இதற்கு முன்பு இப்படி ஆனது உண்டா?"

"அடிக்கடி ஆகும் டாக்டர். தண்ணீர் குடித்தால் இறங்கி விடும். இன்றைக்குத்தான் இறங்கவில்லை."

"எத்தனை வருஷமாக?"

"சின்ன வயதில் இருந்தே. வீட்டில் நான்தான் கடைசியாகச் சாப்பிட்டு எழுந்திருப்பேன். மெதுவாகத் தின்கிறவன் என்று எனக்குப் பெயர்."

இது ஒரே ஒரு ஆளின் கதை அல்ல. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்பத்திரி டாக்டர்களுக்குப் பழகிப் போன காட்சி இது.

அந்த வாலிபன் மெதுவாகத் தின்கிறவன் அல்ல. அவனுக்கு ஒரு நோய் இருந்தது. அவன் உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே அவன் உணவுக் குழாயைப் புண்ணாக்கிக் கொண்டு இருந்தன. அது அவனுக்கும் தெரியாது. பெற்றவர்களுக்கும் தெரியாது.

புரை வேறு, அடைப்பு வேறு

நம் தொண்டைக்குக் கீழே இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்று மூச்சுக் குழாய். மற்றது உணவுக் குழாய்.

சோற்றுப் பருக்கை தவறி மூச்சுக் குழாய்ப் பக்கம் போனால் இருமல் வருகிறது. "புரை ஏறி விட்டது. யாரோ நினைக்கிறார்கள்" என்று தலையில் தட்டுகிறோம். அது வேறு சங்கதி.

இங்கே நாம் பேசுவது உணவுக் குழாயைப் பற்றி. பெரியவர்களுக்கு அது சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம்.

அது வெறும் குழாய் அல்ல. அதன் சுவரில் தசை இருக்கிறது. நாம் விழுங்கும் கவளத்தை அந்தத் தசை அலை அலையாகச் சுருங்கி இரைப்பைக்குத் தள்ளுகிறது. தலைகீழாக நின்று கொண்டு விழுங்கினாலும் கவளம் இரைப்பைக்குத்தான் போகும். அவ்வளவு திறமையான குழாய்!

குழாயின் உட்பக்கத்தை மெல்லிய தோல் போன்ற ஓர் உறை மூடி இருக்கிறது. சூடான காபியும் காரமான குழம்பும் அதன் மேல்தான் போகின்றன. அந்த உறை கெட்டியாக இருக்கும் வரையில் தொந்தரவு இல்லை.

உறையில் கசிவு ஏற்பட்டால்? கதை அங்கேதான் தொடங்குகிறது.

விடியல் நிறத்து அணு

நம் ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் இருக்கின்றன. வெள்ளை அணுக்களும் இருக்கின்றன. வெள்ளை அணுக்கள்தான் உடம்பின் காவல்காரர்கள். நோய்க் கிருமி உள்ளே நுழைந்தால் அவை பாய்ந்து சென்று தாக்கும்.

இந்தக் காவல்காரர்களில் பல பிரிவுகள் உண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் ஈஸ்னோபில்.

நமக்கு இந்தப் பெயர் புதிது அல்ல. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, "ஈஸ்னோபீலியா இருக்கிறது" என்று டாக்டர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த அணு ரத்தத்தில் அதிகமாகி விட்டது என்பதுதான் அதன் அர்த்தம்.

1879-ம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த பால் எர்லிக் என்ற இளம் டாக்டர் இந்த அணுவை அடையாளம் கண்டு சொன்னார். அவருக்குச் சாயங்களின் மேல் ஆசை. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, அதன் மேல் விதவிதமான சாயங்களை ஊற்றிப் பார்ப்பார்.

'ஈஸின்' என்ற சாயத்தை ஊற்றிய போது, சில வெள்ளை அணுக்கள் மட்டும் அந்தச் சாயத்தை ஆவலோடு உறிஞ்சிக் கொண்டன. அவற்றின் வயிற்றில் இருந்த சின்னச் சின்ன மணிகள் செக்கச் செவேல் என்று மின்னின. கிரேக்கர்களின் விடியல் தேவதைக்கு 'ஈயோஸ்' என்று பெயர். அந்தத் தேவதையின் பெயரில் அமைந்ததுதான் ஈஸின் சாயம். அந்தச் சாயத்தை விரும்பும் அணு, ஈஸ்னோபில்.

எர்லிக்குக்கு 1908-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. உடம்பு எப்படித் தன்னைக் காத்துக் கொள்கிறது என்ற ஆராய்ச்சிக்காக அந்தப் பரிசு கொடுக்கப்பட்டது.

நல்ல உடம்பில் வெள்ளை அணுக்கள் நூறு இருந்தால், அதில் ஈஸ்னோபில்கள் நாலைந்துக்கு மேல் இரா. அவை எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. குடலில் அவற்றுக்கு எப்போதும் இடம் உண்டு. குடலில் புழு நுழைந்தால் அவை திரண்டு வரும். அவற்றின் வயிற்றில் உள்ள மணிகளில் விஷம் போன்ற சத்துகள் இருக்கின்றன. எதிரி மேல் அவற்றைக் கொட்டும்.

ஒரு விஷயத்தை இங்கே நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். நல்ல உணவுக் குழாயின் உறையில் ஈஸ்னோபில் இருக்காது. அங்கே அவை கூட்டமாக நின்றால் ஏதோ கோளாறு என்று பொருள்.

அமிலம் என்று நினைத்தார்கள்

நெஞ்சு எரிச்சல் எல்லோருக்கும் தெரியும். இரைப்பையின் அமிலம் மேலே ஏறி வந்து உணவுக் குழாயைச் சுடுகிறது. அதனால் வருவது அது.

உணவுக் குழாயின் உறையில் ஈஸ்னோபில் தெரிந்தால், அது அமிலம் மேலே வருவதற்கு அடையாளம் என்று 1982-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. டாக்டர்கள் அதை நம்பினார்கள். அமிலத்தைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். சிலருக்குக் குணம் ஆயிற்று. பலருக்கு ஆகவில்லை.

1993-ம் ஆண்டில் ஸ்டீபன் அட்வுட் என்ற டாக்டரும் அவருடைய தோழர்களும் 12 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் விழுங்குவதில் கஷ்டம். எல்லோருடைய உணவுக் குழாயிலும் ஈஸ்னோபில் கூட்டம். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு அமிலக் கோளாறு இல்லை!

"இது அமில நோய் அல்ல. இது தனி நோய்" என்று அவர்கள் சொன்னார்கள்.

அடுத்த ஆண்டு, 1994-ல், சுவிட்சர்லாந்தில் அலெக்ஸ் ஸ்ட்ராவ்மன் என்ற டாக்டர் இதே போன்ற 10 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர் எழுதியது ஜெர்மன் மொழியில். ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாமலே இரண்டு தேசத்து டாக்டர்கள் ஒரே முடிவுக்கு வந்து இருந்தார்கள்.

பத்துக் குழந்தைகள்

சரி, தனி நோய். ஆனால் எதனால் வருகிறது?

1995-ம் ஆண்டில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர்கள் 10 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்று வலி, சாப்பிட மறுப்பு. அமிலத்துக்குக் கொடுத்த மருந்து எதுவும் பலிக்கவில்லை. அறுவை சிகிச்சை செய்தும் குணம் ஆகாத குழந்தையும் அதில் உண்டு.

டாக்டர்களுக்கு ஒரு சந்தேகம். சாப்பாடுதான் காரணமோ?

அந்தக் குழந்தைகளுக்கு வழக்கமான சாப்பாட்டை அடியோடு நிறுத்தினார்கள். ஒரு விசேஷப் பால் கொடுத்தார்கள். அது மாட்டுப் பால் அல்ல. அதில் எந்தப் புரதமும் முழுசாக இல்லை.

புரதம் என்பதை ஒரு பூமாலை என்று வைத்துக் கொள்ளுங்கள். அமினோ அமிலங்கள் என்பவை அதில் உள்ள பூக்கள். மாலையைக் கண்டால் உடம்பின் காவல்காரர்களுக்கு அடையாளம் தெரியும். உதிரிப் பூவாகக் கொடுத்து விட்டால், 'இது பால் மாலையா, கோதுமை மாலையா' என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த விசேஷப் பாலில் இருந்தது உதிரிப் பூ மட்டும்தான்.

குறைந்தது 6 வாரம் அந்தப் பாலைக் கொடுத்தார்கள்.

என்ன ஆச்சரியம்! 8 குழந்தைகளுக்கு நோய்க் குறிகள் மறைந்து விட்டன. மற்ற 2 குழந்தைகளுக்குக் குறைந்தன. உணவுக் குழாயில் ஈஸ்னோபில் கூட்டமும் கலைந்தது. பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்த போது தொந்தரவும் திரும்பி வந்தது.

சந்தேகம் தீர்ந்தது. அமிலம் அல்ல, அலர்ஜி. வேறு யாருக்கும் தீங்கு செய்யாத பாலும் கோதுமையும் இவர்கள் உடம்புக்கு எதிரியாகத் தெரிகின்றன.

இது மெதுவான அலர்ஜி

"அலர்ஜி என்றால் உடனே தெரியாதா? இறால் தின்ற உடனே சிலருக்குத் தடிப்புத் தடிப்பாகப் புறப்படுகிறதே?" என்று நீங்கள் கேட்கலாம்.

அது வேகமான அலர்ஜி. சில நிமிஷங்களில் தெரிந்து விடும். இது மெதுவான அலர்ஜி. இன்று குடித்த பாலுக்கு இன்றே தண்டனை கிடையாது. நாள் கணக்கில், வாரக் கணக்கில் புண் சேருகிறது. ஆகவே நோயாளிக்குத் தன் எதிரி யார் என்று தெரிவதே இல்லை. காலையில் பால் குடிக்கிறான். இரவில் சோறு நிற்கிறது. பால் மேல் அவனுக்குச் சந்தேகம் எப்படி வரும்?

தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜிப் பரிசோதனையும் இதில் பெரும்பாலும் சரியான விடை தருவது இல்லை.

சேதி பறக்கும் விதம்

இனி, உணவுக் குழாயின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

முதலில், உறையில் கசிவு. அதன் வழியாக உணவுப் புரதத்தின் துணுக்குகள் உள்ளே புகுகின்றன. உறையில் இருக்கும் அணுக்கள், "ஆபத்து! ஆபத்து!" என்று கூவுகின்றன. வாயால் அல்ல, ரசாயனத்தால். அவை ஒருவகை ரசாயனச் சேதியை வெளியே விடுகின்றன.

இரண்டாவது, சேதி 'டி' அணுக்களுக்குப் போகிறது. டி அணுக்களும் வெள்ளை அணுக்கள்தான். ஆனால் அவை அதிகாரிகள். ஒரு முறை பார்த்த எதிரியை மறக்க மாட்டா. பால் புரதத்தை எதிரி என்று ஒரு தரம் எழுதி வைத்து விட்டால், வருஷக் கணக்கில் அந்தப் பகை போகாது.

மூன்றாவது, டி அணுக்கள் உத்தரவு போடுகின்றன. இந்த உத்தரவுகளுக்கு 'இன்டர்லூக்கின்' என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. நமக்கு முக்கியமானவை 4, 5, 13 ஆகிய மூன்று நம்பர்கள்.

5-ம் நம்பர் உத்தரவு எலும்பு மஜ்ஜைக்குப் போகிறது. "ஈஸ்னோபில்களை நிறைய உண்டாக்கி அனுப்பு!" என்பது அந்த உத்தரவு.

13-ம் நம்பர் உத்தரவு உணவுக் குழாயின் உறைக்குப் போகிறது. அது செய்யும் வேலை இரண்டு. உறை அணுக்கள் 'ஈயோடாக்சின்' என்ற ரசாயனத்தை விடும்படி அது செய்கிறது. சர்க்கரையின் வாசனை எறும்பை இழுப்பது போல, அந்த ரசாயனம் ஈஸ்னோபில்களை இழுக்கிறது. அத்துடன், உறை அணுக்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைக்கும் பசையை அது குறைக்கிறது. அதனால் கசிவு இன்னும் அதிகம் ஆகிறது. கசிவு அதிகம் ஆனால் உணவுத் துணுக்கும் அதிகம் நுழைகிறது. மறுபடியும் சேதி, மறுபடியும் உத்தரவு. செக்கு மாடு மாதிரி இது சுற்றிக் கொண்டே இருக்கிறது.

நான்காவது, ஈஸ்னோபில்கள் வந்து குவிகின்றன. தங்கள் மணிகளில் உள்ள விஷச் சத்தைக் கொட்டுகின்றன. எதிரிப் புழு அங்கே கிடையாது. ஆகவே அடி விழுவது சொந்த வீட்டுச் சுவரில். 'மாஸ்ட்' அணு என்ற இன்னொரு காவல்காரனும் அங்கே வந்து சேருகிறான். உணவைத் தள்ளும் தசையின் வேலை கெடுகிறது.

ஐந்தாவது, புண்ணை ஆற்ற உடம்பு முயல்கிறது. நார் நாராகத் தழும்பு விழுகிறது. ரப்பர் போல விரிந்து கொடுத்த குழாய் விறைத்துப் போகிறது. விளக்குக் குழாய் வைத்துப் பார்த்தால் உள்ளே வளையம் வளையமாகத் தெரிகிறது. வழி குறுகுகிறது.

பிறகு ஒரு நாள், ஓர் இறைச்சித் துண்டு வந்து நிற்கிறது.

எலி சொன்ன சாட்சி

இது கற்பனை அல்ல. ஒவ்வொன்றுக்கும் சாட்சி உண்டு.

2001-ம் ஆண்டில் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மார்க் ரோத்தன்பர்க் என்ற டாக்டரின் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவகைப் பூஞ்சைக் காளானின் சத்தை எலிகளின் மூக்கில் விட்டார்கள். மூக்கில் விட்டதற்கு, உணவுக் குழாயில் ஈஸ்னோபில் வந்து சேர்ந்தது!

5-ம் நம்பர் உத்தரவு போடவே முடியாதபடி பிறந்த எலிகளுக்கும் அதையே செய்தார்கள். அவற்றின் உணவுக் குழாயில் ஈஸ்னோபில் கூட்டம் சேரவில்லை. உத்தரவு இல்லை என்றால் படை இல்லை என்பது தெளிவாயிற்று.

2006-ம் ஆண்டில் அதே குழுவினர் நோயாளிகளின் உணவுக் குழாயில் இருந்து கிள்ளி எடுத்த சதையை ஆராய்ந்தார்கள். ஈயோடாக்சினை உண்டாக்கும் ஜீன், நல்ல உடம்பில் இருப்பதை விட 50 மடங்குக்கு மேல் மும்முரமாக வேலை செய்து கொண்டு இருந்தது.

"அலர்ஜி உணவுக் குழாயை மட்டும் ஏன் பிடிக்கிறது?" என்ற கேள்விக்கும் 2014-ம் ஆண்டில் ஒரு விடை கிடைத்தது. 'கால்பெயின் 14' என்ற ஜீனுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதைக் கண்டு பிடித்தார்கள். அந்த ஜீன் முக்கியமாக உணவுக் குழாயில்தான் வேலை செய்கிறது.

திருடனைப் பிடித்தும் திருட்டு நிற்கவில்லை

இனிமேல்தான் கதையில் ஒரு திருப்பம்.

எல்லோரும் என்ன நினைத்தார்கள்? ஈஸ்னோபில்தான் குற்றவாளி. குற்றம் நடந்த இடத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டது அதுதான். அதை ஒழித்து விட்டால் நோய் போய் விடும்.

ஈஸ்னோபிலை ஒழிக்கும் ஊசி மருந்து ஒன்று உண்டு. அதன் பெயர் பென்ராலிசுமாப். ஆஸ்துமாவுக்கு ஏற்கெனவே பயன்பட்ட மருந்து. அதை இந்த நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அதன் முடிவு 2024-ம் ஆண்டில் வெளிவந்தது.

24 வாரத்தில் நூற்றுக்கு 87 பேருடைய உணவுக் குழாயில் ஈஸ்னோபில்கள் ஏறக்குறைய மறைந்து விட்டன. வெறும் ஊசி போட்டுக் கொண்டவர்களில் நூற்றுக்கு 6, 7 பேருக்குத்தான் அப்படி ஆயிற்று. பெரிய வெற்றி!

ஆனால் நோயாளிகளைக் கேட்டால், "விழுங்குவது முன்பு மாதிரியேதான் கஷ்டமாக இருக்கிறது" என்றார்கள். மருந்து ஊசி போட்டவர்களுக்கும் வெறும் ஊசி போட்டவர்களுக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை.

திருடனைப் பிடித்துச் சிறையில் அடைத்தும் திருட்டு நிற்கவில்லை. அப்படியானால் ஈஸ்னோபில் மட்டும் குற்றவாளி அல்ல. ஏவி விட்டவர்கள் பின்னால் இருக்கிறார்கள். டி அணுக்கள் போடும் உத்தரவும், கசிந்து போன உறையும், மாஸ்ட் அணுவும் ஆட்டத்தில் இருக்கின்றன.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. டூபிலுமாப் என்ற ஊசி மருந்து ஈஸ்னோபிலைத் தொடுவது இல்லை. அது 4-ம் நம்பர், 13-ம் நம்பர் உத்தரவுகள் போய்ச் சேரும் கதவை அடைத்து விடுகிறது. 2022-ம் ஆண்டில் வெளிவந்த சோதனையில், வாரம் ஒரு ஊசி போட்டுக் கொண்டவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு உணவுக் குழாய் தெளிந்தது. வெறும் ஊசிக்காரர்களில் நூற்றுக்கு 5 பேருக்குத்தான் தெளிந்தது. விழுங்கும் கஷ்டமும் குறைந்தது.

அதே 2022-ம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் அந்த மருந்தை இந்த நோய்க்கு அனுமதித்தது. முதலில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பிறகு 2024-ம் ஆண்டில், 15 கிலோ எடையாவது இருக்கும் ஒரு வயதுக் குழந்தைகளில் இருந்து கொடுக்கலாம் என்று அனுமதி கிடைத்தது.

மற்ற மருந்துகள்

எல்லோருக்கும் ஊசி வேண்டியது இல்லை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையே நூற்றுக்கு 40, 50 பேருக்குப் பலன் தருகிறது. அமிலத்தைக் குறைப்பதோடு, ஈயோடாக்சின் உண்டாவதையும் அது தடுப்பதாகத் தெரிந்து இருக்கிறது.

ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தை, உறிஞ்சாமல் விழுங்கச் செய்வது இன்னொரு முறை. மருந்து உணவுக் குழாயின் சுவரில் படிந்து வீக்கத்தை ஆற்றுகிறது.

வழி மிகவும் குறுகி விட்டால், டாக்டர்கள் பலூன் போன்ற கருவியை உள்ளே விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துவார்கள்.

எந்தச் சாப்பாடு எதிரி?

மருந்து இல்லாமல் சாப்பாட்டாலேயே குணம் காணவும் வழி உண்டு.

விசேஷப் பாலை எத்தனை நாள் குடிப்பது? நாக்கு செத்துப் போகும். ஆகவே சிகாகோ நகரத்து டாக்டர்கள் வேறு வழி தேடினார்கள். அலர்ஜிக்குப் பேர் போன ஆறு வகைச் சாப்பாட்டை மட்டும் நிறுத்தினார்கள். அவை: பால், கோதுமை, முட்டை, சோயா, கடலையும் கொட்டைகளும், மீனும் இறால் வகைகளும். 2006-ம் ஆண்டில் அவர்கள் முடிவை வெளியிட்டார்கள். 35 குழந்தைகளில் 26 பேருக்குப் பலன் கிடைத்து இருந்தது.

பிறகு ஒவ்வொரு சாப்பாடாகத் திரும்பக் கொடுத்து, எது எதிரி என்று கண்டு பிடிப்பார்கள். அடிக்கடி அகப்படும் எதிரி எது தெரியுமா? பால்!

"பாலை மட்டும் நிறுத்தினால் போதாதா?" என்று அமெரிக்காவில் 129 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2023-ம் ஆண்டில் முடிவு வந்தது. ஆறையும் நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 40 பேருக்குக் குணம். பாலை மட்டும் நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 34 பேருக்குக் குணம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே ஒன்றில் தொடங்கிப் பார்க்கலாம் என்று ஆயிற்று.

ஆனால் இதைப் படித்து விட்டு, குழந்தைக்குப் பாலை நீங்களாக நிறுத்தி விடாதீர்கள். வளரும் உடம்புக்குச் சத்து வேண்டும். டாக்டர் சொல்லி, அவர் மேற்பார்வையில்தான் இதைச் செய்ய வேண்டும்.

தாமதத்துக்குக் கூலி

இந்த நோய் யாருக்கு வரும்? எந்த வயதிலும் வரலாம். பெண்களை விட ஆண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். ஆஸ்துமா, கரப்பான், மூக்கில் ஓயாத நீர், தும்மல் உள்ளவர்களுக்கும் அத்தகைய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கும் அதிகம். இது தொற்று நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

இதில் பெரிய ஆபத்து, தாமதம்.

சுவிட்சர்லாந்தில் 200 நோயாளிகளின் வரலாற்றை ஆராய்ந்து 2013-ம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நோய்க் குறி தோன்றி 2 வருஷத்துக்குள் டாக்டர் கண்டு பிடித்தவர்களில், குழாய் குறுகிப் போனவர்கள் நூற்றுக்கு 17 பேர். 20 வருஷத்துக்கு மேல் தாமதம் ஆனவர்களில், நூற்றுக்கு 71 பேர்!

பலர் 5, 6 வருஷம் கழித்தே டாக்டரிடம் கண்டறிந்து கொள்கிறார்கள். ஏன் இந்தத் தாமதம்? நோயாளி நோயோடு வாழப் பழகி விடுகிறான். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறான். நெடுநேரம் மெல்லுகிறான். இறைச்சியையும் ரொட்டியையும் ஒதுக்குகிறான். கஞ்சி, கூழ் என்று வழுக்கிக் கொண்டு போவதையே கேட்கிறான். விருந்துக்குக் கூப்பிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லுகிறான். நாலு பேர் முன்னால் சாப்பிட அவனுக்குப் பயம். வீட்டிலோ, "இவன் சுபாவமே அப்படி" என்று விட்டு விடுகிறார்கள்.

வீட்டில் கவனியுங்கள்

சின்னக் குழந்தை சாப்பிட மறுத்து, அடிக்கடி வாந்தி எடுத்து, எடை ஏறாமல் இருக்கிறதா? பள்ளிப் பிள்ளை வயிற்று வலி, நெஞ்சு வலி என்று சொல்லிச் சாப்பாட்டை நீட்டிக் கொண்டு இருக்கிறானா? வளர்ந்த பிள்ளைக்குச் சோறு, சப்பாத்தி, இறைச்சி நெஞ்சில் நிற்கிறதா? நெஞ்சு எரிச்சலுக்கு மருந்து சாப்பிட்டும் குணம் ஆகவில்லையா?

இவை எல்லாம் இந்த நோய்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். விழுங்கும் கஷ்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. வயதானவர்களுக்கு வந்தால் புற்று நோய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எதுவானாலும் இரைப்பை, குடல் டாக்டரிடம் காட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

டாக்டர் விளக்குக் குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பார். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும், குறைந்தது ஆறு இடத்தில் கடுகளவு சதை கிள்ளி எடுப்பார். மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுவார்கள். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வழியே ஒரு பார்வைக்குள் 15 அல்லது அதற்கு மேல் ஈஸ்னோபில் இருந்தால், இந்த நோயாக இருக்கலாம். அந்த எண்ணிக்கைக்கு இன்றும் உதவுவது, எர்லிக் ஊற்றிப் பார்த்த அதே ஈஸின் சாயம்தான்.

சாப்பாடு சிக்கி, எச்சிலையும் விழுங்க முடியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. மேலும் மேலும் சோற்று உருண்டையை விழுங்கித் தள்ளவும் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த நோய்க்கு ஒரே அடியில் ஒழிக்கும் மருந்து இல்லை. மருந்தையும் பத்தியத்தையும் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். ஆனால் கவனமாக இருந்தால் அடக்கி வைக்கலாம். மற்றவர்களைப் போலச் சிரித்துப் பேசி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

நம் வீடுகளில் இலை முன்னால் நெடுநேரம் உட்கார்ந்து இருக்கும் பிள்ளையைப் பார்த்து என்ன சொல்லுகிறோம்? "பிடிவாதம்! இன்னும் என்னடா தின்கிறாய்?" என்று அதட்டுகிறோம். முதுகில் ஒன்று வைக்கவும் செய்கிறோம்.

இனிமேல், அதட்டும் முன்பு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேளுங்கள்:

"ஏன் கண்ணு, சோறு உள்ளே இறங்குகிறதா?"

"இல்லை அம்மா, நிற்கிறது" என்று பிள்ளை சொன்னால், மறு நாளே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.